கணித மென்பொருள் தேடும் ஆய்வாளருக்கு: நான் அலைந்து கற்ற வழி

ஒரு பெரிய அணியின் (matrix) ஐகன் மதிப்புகள் எனக்குத் தேவைப்பட்டன; அதாவது, தன் திசையை மாற்றாத திசையன்களை அணி எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண்கள். அணியின் வரிசை 50,000. கையில் அகப்பட்ட முதல் நிரலுக்கு அதைக் கொடுத்தேன்; கணினி உறைந்து நின்றது. எண்ணுக்கு 8 பைட் என்றால், அணியை நினைவகத்தில் வைக்க மட்டுமே 20 ஜிபி வேண்டும். நிரலைக் குறை சொல்ல முடியாது. தேடத் தெரியாமல் தேடியவன் நான்.

படி 1: கணக்கை ஒரே வரியில் எழுதுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். ‘ஐகன் மதிப்பு’ என்று மட்டும் தேடினால் எது நமக்கானது என்று விளங்காது. அணி சமச்சீரானதா? பெரும்பாலும் பூஜ்ஜியங்களா, அதாவது ஸ்பார்ஸ் அணியா? எல்லா மதிப்புகளும் வேண்டுமா, சிலவா? சில என்றால் பெரியவையா, சிறியவையா?

என் வரி இப்படி முடிந்தது: ‘சமச்சீர், ஸ்பார்ஸ், மிகச் சிறிய 6 மதிப்புகள்.’ இதை எழுதியதுமே முழு அணியையும் கேட்கும் நிரல்கள் விலகிவிட்டன. பெரிய ஸ்பார்ஸ் அணிகளின் சில ஐகன் மதிப்புகளை மட்டும் காணும் நிரல் தொகுப்பான ஆர்பேக் (ARPACK) கண்ணில் பட்டது. அதிலும் கடைசிக் கேள்வி முக்கியம். ஆர்பேக் பெரிய மதிப்புகளை விரைவாகத் தரும்; சிறியவற்றை நேரடியாகக் கேட்டால் இழுத்தடிக்கும். ஷிஃப்ட்-இன்வர்ட் முறையில் கேட்க வேண்டும்: அணியிலிருந்து சிக்மா என்ற எண்ணை மூலைவிட்டத்தில் கழித்து, நேர்மாறு எடுத்தால், சிக்மாவுக்கு அருகில் உள்ள மதிப்புகள் பெரியவையாகிவிடும். பைத்தான் மொழியின் அறிவியல் நூலகமான சைபையில் (SciPy), ஆர்பேக்கை அழைக்கும் ஐக்ஸ்எச் (eigsh) கட்டளைக்கு சிக்மா = 0 என்று கொடுத்தால் அந்த முறை இயங்கும். இது தெரியாமல் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

படி 2: தேடும் இடங்கள்

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் (NIST) தொகுத்த காம்ஸ் (GAMS) என்ற கணித மென்பொருள் பட்டியல், கணக்கின் வகையிலிருந்து கிளை கிளையாக இறங்கி நிரலுக்குக் கொண்டுபோகும்: டி என்றால் நேரியல் இயற்கணிதம், டி4 என்றால் ஐகன் மதிப்பு. இதே பெயரில் உகப்பாக்கத்துக்கான வணிக மென்பொருள் ஒன்றும் உண்டு. தேடுபொறி பெரும்பாலும் அதைத்தான் முன்னால் தள்ளும், ஏமாறாதீர்கள்.

எனக்குப் பிடித்தது எஸ்டபிள்யூமேத் (swMATH) என்ற இணையத் தரவுத்தளம். ஒரு மென்பொருளை எந்த ஆய்வுக் கட்டுரைகள் பயன்படுத்தின என்று அது காட்டும். நம் துறைக்காரர்கள் நம்பியதா என்பதை அறிய இதைவிடக் குறுக்கு வழி இல்லை. நிரல் பகிரும் தளங்களில் பயனர்கள் இடும் நட்சத்திரக் குறிகளை எண்ணி நிரலைத் தேர்ந்தெடுப்பவர்களை எனக்குப் புரியவில்லை.

மூலநிரலுக்கு 1985 முதல் இயங்கும் நெட்லிப் (Netlib) என்ற இணையக் களஞ்சியம். பார்க்கப் பழையது; ஆனால் நேரியல் இயற்கணித நிரல் தொகுப்பான லேபேக் (LAPACK) போன்றவை அங்கே உள்ளன. லேபேக்கின் பெயர்கள் மந்திரம்போல் தோன்றும், ஆனால் ஒழுங்கு உண்டு. டிஎஸ்ஒய்இவி (DSYEV) என்ற நிரலைப் பாருங்கள்: டி என்பது இரட்டைத் துல்லியம், எஸ்ஒய் சமச்சீர், இவி ஐகன் மதிப்பு.

படி 3: உரிமம்

லேபேக்கின் உரிமம் பிஎஸ்டி (BSD) வகை, கட்டுப்பாடு குறைவு. ஃபூரியர் மாற்றத்துக்கான எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW), பொதுவான கணித நூலகமான ஜிஎஸ்எல் (GSL) இரண்டும் ஜிபிஎல் (GPL) உரிமம். அவற்றை இணைத்த நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் உங்கள் மூலநிரலையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும்.

படி 4: விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள்

மூலைவிட்டத்தில் 2, அதன் இருபுறமும் -1, மற்றவை பூஜ்ஜியம் என்று 100 வரிசை அணி ஒன்றை அமையுங்கள். அதன் மிகச் சிறிய மதிப்பு 2 - 2cos(π/101), ஏறத்தாழ 0.000967. நிரல் வேறு எண்ணைத் தந்தால் உங்கள் தரவைத் தொடவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: சிக்மா = 0 கொடுத்ததும் பிழைச் செய்தி வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது ஒரு வலையமைப்பின் லாப்லாசியன் அணி, அதாவது அதன் இணைப்புகளை விவரிக்கும் அணி. அதற்குப் பூஜ்ஜியமே ஒரு ஐகன் மதிப்பு என்பதால் நேர்மாறு கிடையாது; ஷிஃப்ட்-இன்வர்ட் முறைக்கோ நேர்மாறு வேண்டும். சிக்மாவுக்கு -0.01 போன்ற சிறிய எதிர்ம எண்ணைக் கொடுக்கச் சொன்னேன், ஓடியது.