காசு கொடுத்து லீடு வாங்கலாமா? ஒரு வயரிங் காண்ட்ராக்டரின் நோட்டுக் கணக்கு

என்னிடம் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திருப்பூரில் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பையன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, ஆன்லைன் கம்பெனியில இருந்து ஆள் வந்திருக்காருங்க. ஆறு மாசப் பேக்கேஜ். மாசம் இருபது லீடு கட்டாயம் வரும்ங்கறாரு. போட்டுடலாமுங்களா?" லீடு என்றால் வேலைக்கு ஆள் தேடுகிறவரின் பெயரும் போன் நம்பரும்; அதை இந்தக் கம்பெனிகள் நம்மிடம் காசுக்கு விற்கின்றன. இப்போது கையெழுத்துப் போடாதே, சாயங்காலம் பேசலாம் என்றேன். அன்று ஒரு மணி நேரம் அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் கோவை கணபதியில் பத்தொன்பது வருடமாக வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கூட மூன்று பையன்கள். இரண்டு இன்ஜினியர்கள், சில மேஸ்திரிகள், நான் பைப்பும் வயரும் வாங்கும் கடைக்காரர் என்று இவர்கள் மூலம்தான் பெரும்பாலும் வேலை வரும். 2022 ஆடியில் ஒரு இன்ஜினியரின் இரண்டு சைட்டும் பணம் இல்லாமல் நின்றுபோயின. ஆடியில் யாரும் புதிதாக வீடு தொடங்க மாட்டார்கள். பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வந்த ஆளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பேக்கேஜ் போட்டேன். 21,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,780. மொத்தம் 24,780.

ஆறு மாதத்தில் 118 லீடு வந்தது. அவர் சொன்ன எண்ணிக்கை ஏறக்குறைய சரிதான். அந்த 118 என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். 24 பேர் போனை எடுக்கவே இல்லை, அல்லது தப்பு நம்பர். 19 பேர் கேட்டது என் வேலையே இல்லை: ஃபிரிட்ஜ் ரிப்பேர், பிளம்பிங், வயர் காயிலுக்கு மொத்த விலை, இரண்டு பேர் ஹெல்பர் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். 31 பேர் நான் கூப்பிட்டபோது "வேற ஆள் வந்துட்டாருங்க" என்றார்கள். மிச்சம் 44 பேரிடம்தான் ஒழுங்காகப் பேச முடிந்தது. அதில் 23 வீட்டுக்கு நேரில் போனேன். 13 வேலை கிடைத்தது.

24,780-ஐ 118-ஆல் வகுத்தால் லீடு ஒன்று 210 ரூபாய். விற்க வருபவர் காட்டுவது இந்தக் கணக்கு. நீங்கள் 13-ஆல் வகுக்க வேண்டும். கிடைத்த வேலை ஒவ்வொன்றுக்கும் நான் கொடுத்தது 1,906 ரூபாய்.

அந்த 13-இல் 9 வேலை, ஃபேன் மாட்டுவது, எம்சிபி (லோடு அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) மாற்றுவது, சுவிட்ச் போர்டு சரி செய்வது போன்றவை. போனால் 400, 500 கிடைக்கும். மூன்று ஏசி லைன். ஒன்றே ஒன்று பெரிய வேலை: சிங்காநல்லூரில் பழைய வீட்டுக்கு முழு ரீவயரிங். பையன்கள் கூலி, பெட்ரோல், சாமான் எல்லாம் போக என் கையில் நின்றது, சின்ன வேலைகளில் 2,500, ஏசி லைன்களில் 3,600, ரீவயரிங்கில் 17,500. ஆக 23,600. கட்டிய பணமே முழுதாகத் திரும்பவில்லை, 1,180 குறைந்தது. அடுத்த வருடம் அந்தச் சிங்காநல்லூர் அம்மா சொல்லி வடவள்ளியில் அவர் தங்கை வீட்டு வேலை வந்தது, அதில் 14,000 நின்றது. அதையும் சேர்த்தால் லாபம்தான். ஆனால் 118-இல் ஒரு வீடு என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஒரு வீடு உங்கள் பட்டியலில் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஏன் இப்படி? ஆன்லைனில் எலக்ட்ரீஷியன் தேடுகிறவர் யார் என்று யோசியுங்கள். புது வீடு கட்டுபவர் தேட மாட்டார். அவருக்கு இன்ஜினியரோ மேஸ்திரியோ ஆள் கொண்டுவந்துவிடுவார். சென்ட்ரிங் மேல் பைப் போடும் நாளிலிருந்து கிரகப்பிரவேசம் வரை போகும் வேலை லீடாக எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. தேடுகிறவர் அந்த ஏரியாவில் யாரையும் தெரியாதவர். சரவணம்பட்டியில் வாடகைக்கு வந்த ஐடி வேலைக்காரர்கள், அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து அப்பா அம்மா வீட்டுக்கு ஆள் தேடும் பிள்ளைகள். இவர்களிடம் சின்ன வேலை அதிகம், பெரிய வேலை குறைவு. ஆனால் ஒரு தடவை நன்றாகச் செய்து கொடுத்தால் வேறு ஆளைத் தேட மாட்டார்கள். ஆகவே, ஒரு ஏரியாவுக்குப் புதிதாக வந்தவருக்கு லீடு உதவும். பதினைந்து வருடப் பழக்கம் இருக்கிறவருக்கு, வேலை இல்லாத சில மாதங்களுக்கு மட்டும் உதவும்.

அடுத்தது வேகம். ஒரே லீடை நாலைந்து பேருக்கு விற்கிறார்கள். நமக்கு மெசேஜ் வரும் நேரத்தில் நாம் ஏணி மேல் இருப்போம், அல்லது சுவரில் பைப்புக்குக் காடி வெட்டிக்கொண்டிருப்போம். போன் பையில் கிடக்கும். இறங்கிக் கை கழுவி நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டால் வேலை போயிருக்கும். அந்த 31 பேரை நான் இழந்தது இப்படித்தான். ரேட் அதிகம் என்று போனவர்கள் அதில் இல்லை. என் ரேட்டை அவர்கள் கேட்கவே இல்லை.

இரண்டாவது தடவை வாங்கியபோது லீடு வரும் போனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிட்டுவிடுவார். எந்த ஏரியா, சொந்த வீடா வாடகையா, என்ன பிரச்சினை, எப்போது ஆள் வேண்டும் என்று நாலு கேள்வி. வாடகை வீடு என்றால், செலவை ஓனர் கொடுக்கிறாரா என்று அப்போதே கேட்டுவிடுவார். இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ வீண் நடை மிச்சம். பார்க்க வர 200 ரூபாய், வேலை செய்தால் கழித்துக்கொள்வோம் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுவார். சும்மா விலை கேட்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

டிரிப் ஆகிறது, அதாவது கரண்ட் தானாக நின்றுவிடுகிறது என்று வரும் அழைப்புகளுக்கு அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஆர்சிசிபி-யை, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தும் சுவிட்சை, மேலே தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனையோ வீட்டில் கீசர் காயிலில்தான் கரண்ட் லீக் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அன்றைக்கு நமக்கு வேலை இல்லாமல் போகலாம். ஆனால் அந்த வீட்டில் நம் நம்பர் நின்றுவிடும். கூடவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லச் சொல்வேன்: டிரிப் ஆகிறது என்று ஆர்சிசிபி-யைத் தாண்டி நேராக லைன் கொடுக்க யாரையும் விடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை நிறுத்தும் அந்த ஆர்சிசிபி-தான் உங்கள் குழந்தையின் உயிரைக் காக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் இதைச் சொல்வது நம் கடமை.

சரி, கையெழுத்துக்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும்? ஒரு லீடு எத்தனை பேருக்குப் போகும்? வாடிக்கையாளரின் நம்பரை ஓடிபி வைத்துச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்களா? தப்பு நம்பர், வேறு வேலை என்றால் அந்தப் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? ஏரியாவை பின்கோடு வாரியாகத் தேர்ந்தெடுக்க முடியுமா? எனக்கு "கோவை" என்று போட்டு அன்னூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் அழைப்பு வந்தது. கணபதியிலிருந்து அன்னூர் போய் ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாற்றினால் பெட்ரோலுக்கே போய்விடும். வேலை வகையைப் பிரிக்க முடியுமா என்பதும் முக்கியம். இதற்கெல்லாம் பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னவர் மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். எனக்கு வந்தவர் அப்படித்தான் போனார்.

இரண்டு இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று, அவர்கள் வெப்சைட்டில் நம் பெயருக்குக் கீழே இருப்பது யார் நம்பர்? சில இடங்களில் நம் நம்பருக்குப் பதில் அவர்கள் நம்பர் இருக்கும். அதில் கூப்பிட்டால் நமக்குத் திருப்பிவிடுவார்கள். பேக்கேஜ் முடிந்ததும் அந்த அழைப்பு நமக்கு வராது. நம் வேலையைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுகிற வாடிக்கையாளரையும் இப்படி இழக்கலாம். அதனால் வேலை முடிந்ததும், வீட்டு எம்சிபி எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் உங்கள் பெயர், நம்பர், லைசென்ஸ் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். எந்த எம்சிபி எந்த ரூம் என்று அதிலேயே எழுதிக்கொடுத்தால் அந்த வீட்டில் யாரும் கிழிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பணம் கட்டும் முறை. தவணையாகக் கட்டலாம் என்று சொல்லி வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிடுவார்கள். என்னிடமும் வாங்கினார்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் ஒரு தவணை எடுத்துவிட்டார்கள். மூன்று தடவை போன், இரண்டு மெயில். கடைசியில் வங்கிக்கு நேரில் போய் அந்த மேண்டேட்டை ரத்து செய்தேன். எடுத்த 3,500 ரூபாய் இன்றுவரை வரவில்லை. முடிந்தவரை முழுத் தொகையையோ மாதப் பணத்தையோ நீங்களே கட்டுங்கள். யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் செயலியிலேயே நிறுத்திவிடலாம்.

லீடு வாங்கி ஏமாந்த தொழிலாளி நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹோம்அட்வைசர் என்ற கம்பெனி தன் லீடுகளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்றது என்று அந்த நாட்டின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022 மார்ச்சில் நடவடிக்கை எடுத்தது. 2023-இல் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க அந்தக் கம்பெனி ஒத்துக்கொண்டது. அங்கேயும் பணம் கட்டி நொந்தவர்கள் எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி சின்னத் தொழில் செய்பவர்கள்தான்.

இரண்டாவது தடவை எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். பேக்கேஜ் வேண்டாம், லீடுக்கு இவ்வளவு என்று கட்டும் இடமாகப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து மே வரை மூன்று மாதம் மட்டும். 641006, 641035, 641004 என்று மூன்று பின்கோடு: கணபதி, சரவணம்பட்டி, பீளமேடு. எதற்கும் வண்டியில் அரை மணிக்குள் போய்விடலாம். வேலை வகை ஏசி லைன், இன்வெர்ட்டர் லைன், ரீவயரிங் மட்டும். ஃபேன், லைட் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். வெயில் காலத்தில் புது ஏசி வாங்குபவருக்கு டிபி-யிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் வயரில் தனி லைன் வேண்டும். நாளைக்கு ஏசி மாட்ட ஆள் வருவார், அதற்குள் முடியுங்கள் என்பார்கள். பேரம் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.

41 லீடு, ஒன்று 150 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 7,257 ஆனது. 11 வேலை கிடைத்தது. ரீவயரிங் ஒன்றும் வரவில்லை. ஒன்பது ஏசி லைன், இரண்டு இன்வெர்ட்டர் லைன். எல்லாச் செலவும் போக 14,050 நின்றது. லீடுக்குக் கொடுத்ததைக் கழித்தால் 6,793. மூன்று மாதத்துக்கு இது பெரிய பணம் இல்லைதான். ஆனால் ஒரு வேலைக்கான லீடு செலவு 1,906-இலிருந்து 660-க்கு இறங்கியது. பதினொரு டிபி கதவில் என் ஸ்டிக்கர் ஏறியது. அதில் நாலு வீடு பிறகு நேராக எனக்கே கூப்பிட்டது.

சோலார் லீடு என்று இப்போது நிறைய விற்கிறார்கள். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு உதவும் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் கேட்பவர்களும் அதிகம். ஆனால் அந்த மானியம் கிடைக்க, பதிவு செய்த வெண்டர்தான் வேலையைச் செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் சோலார் லீடுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் கட்டும் முன் இலவசமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கூகுளில் பிசினஸ் ப்ரொஃபைல் தொடங்குங்கள். வீட்டு முகவரியைக் காட்டாமல் ஏரியாவை மட்டும் காட்டலாம். வீடியோ எடுத்து அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள். டூல்ஸ், வண்டி, லைசென்ஸ் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்தால் முடிந்துவிடும். வேலை முடித்துக் கிளம்பும்போதே, அவர்கள் முன்னால் நின்று, ரிவ்யூ எழுதச் சொல்லி லிங்க் அனுப்புங்கள். அப்புறம் அனுப்புகிறேன் என்று வந்துவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். நான் இதை முதல் பேக்கேஜ் போடும் முன்பே செய்திருக்க வேண்டும்.

திருப்பூர் பையனுக்கு வேலை வகை பிரித்து, மாத மாதம் கட்டும் இடமாகப் பார்க்கச் சொன்னேன். ஊருக்குப் புதியவன், அவனுக்கு அது தேவை. லீடு போனைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா ஒத்துக்கொண்டாராம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஏரியா, என்ன வேலை, எத்தனை நிமிடத்தில் கூப்பிட்டோம், என்ன ஆயிற்று, கையில் எவ்வளவு நின்றது என்று ஆறு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவான். ஒரு வேலைக்கான லீடு செலவு 800 ரூபாய்க்கு மேல் போனால் அன்றைக்கே நிறுத்திவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.