தேயிலை மலையில் குதிரை ஷூட்டிங்: வருவதற்கு முன் படித்துவிட்டு வாருங்கள்

நுவரெலியாவுக்குக் குதிரை தேடி வருகிற சினிமாக்காரர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, ஒரு நாளைக்கு எவ்வளவு?" நான் திருப்பிக் கேட்பது, எந்த இடம், என்ன ஷொட், யார் ஏறுகிறார். இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் காசுப் பேச்சு. குறும்படம், மியூசிக் வீடியோ, கல்யாண ஜோடியின் போட்டோ ஷூட் என்று இப்போது ஏப்ரல் சீசனில் மட்டுமல்ல, வருஷம் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

யார் ஏறுகிறார் என்பதை முதலில் முடித்துவிடுவோம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் முதுகில் ஏறலாம். கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரை 250 கிலோ என்றால் 50 கிலோ, அவ்வளவுதான். அதில் சேணமும் அடக்கம், உங்கள் ராஜா உடுப்பும் வாளும் அடக்கம். எண்பது கிலோ கதாநாயகனை அதில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ரேஸ் ஓடி ஓய்ந்த பெரிய குதிரைகள் தாங்கும், ஆனால் அவற்றைப் பழகாத ஆள் அடக்க முடியாது. முகம் தெரியும் ஷொட்டில் நடிகர் நின்ற குதிரையில் இருக்கட்டும், கடிவாளத்தை ஃபிரேமுக்கு வெளியே நான் பிடித்திருப்பேன். ஓடுவதற்குப் பழகிய ஆள் இருக்கிறார், அவருக்கு அதே உடுப்பைப் போடுங்கள்.

இனி இடம். இங்கேதான் அதிகம் சண்டை வரும்.

காரில் இருந்து பார்த்தால் எல்லா மலையும் அழகுதான். இறங்கி நடந்து பாருங்கள். தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே கான், அதாவது வடிகால் வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க. புல் மூடிவிட்டால் கொழுந்தெடுக்கும் ஆட்களுக்கே சில நேரம் கால் உள்ளே போய்விடும். பாய்ந்து வரும் குதிரையின் முன்கால் அதற்குள் போனால் கதை முடிந்தது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். முறிந்தால் கூடுவது கஷ்டம். மற்ற மூன்று காலில் நாள்கணக்காகப் பாரம் சுமந்தால் நன்றாக இருக்கிற குளம்பும் வீங்கிக் கெட்டுப்போகும். அதனால்தான் கால் முறிந்த குதிரையை மிருக வைத்தியர் பெரும்பாலும் வலியில்லாமல் சாக ஊசி போட்டுவிடுகிறார்.

கானைவிட மோசம் கவ்வாத்து மலை, அதாவது தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட மலை. வெட்டி முடித்த மலை கெமராவுக்கு மொட்டையாக, போர்க்களம் மாதிரி தெரிவதால் டிரக்டர்மார் அதைத்தான் கேட்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி சரிவாக வெட்டிய குச்சி ஒவ்வொன்றும் குதிரையின் வயிற்று உயரத்துக்கும் கீழே கூர் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் குதிரையை நடக்கக்கூட விடமாட்டேன். இதில் பேரம் இல்லை.

தார் ரோட்டிலும் ஓட்டம் கிடையாது. இரும்பு லாடம், மழை நனைத்த தார், வளைவு, மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. ஓடவிடலாம் என்றால் ரேஸ்கோர்ஸ் மாதிரியான புல்தரை, இல்லாவிட்டால் தோட்டத்து விளையாட்டு மைதானம். தோட்டத்து மைதானம் என்றால் தொரையிடம் (தோட்ட மேனேஜரிடம்) முன்கூட்டியே அனுமதி வாங்கி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பின்னேரம் நான் ஒரு கம்போடு அந்த ஓட்டப்பாதையை முழுக்க நடந்து குத்திப் பார்ப்பேன். தரைப் பொந்து, உடைந்த போத்தல், பழைய முள்ளுக்கம்பி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஷூட்டிங் நாள் காலையில் திரும்பவும் ஒரு தடவை பார்ப்பேன். ராத்திரியில் அங்கே யார் கிரிக்கெட் விளையாடினார்கள், என்ன போட்டுவிட்டுப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரை பாய்ந்து வர வேண்டும் என்பது எல்லா டிரக்டருக்கும் ஒரு கனவு. மூட்டம் இறங்கினால் என் குதிரை நடக்கும், மெல்ல ஓடும், பாயாது. கெமராக்காரத் தம்பிகளுக்கு வழி தெரியும்: நீண்ட லென்ஸ் போட்டு, கெமராவைத் தரையோடு வைத்து, முன்னால் நாலு புல்லோ மரமோ தெரிகிற மாதிரி கூடவே திருப்பினால், மெல்லோட்டமே பாய்ச்சலாகத் தெரியும். புகை மெஷினையும் கொண்டு வராதீர்கள். இந்த ஊரில் புகைக்குக் காசு கொடுப்பது வேடிக்கை.

குதிரையின் கண் தலைக்கு இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ முழுச் சுற்றும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. லைட் பையன்கள் பின்னால் வந்து ஸ்டாண்ட் தூக்குவதுதான் எப்போதும் ஆபத்து. பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காற்றில் படபடக்கிற ரிஃப்லெக்டர், முந்தானை, குடை, ஜெனரேட்டர் சத்தம், ட்ரோன், இவற்றையெல்லாம் ஷூட்டிங்குக்கு முன்பே குதிரைக்குக் காட்டவேண்டும். ட்ரோன் என்றால் முதலில் தரையில் அணைத்து வைத்துவிட்டு, மோந்து பார்க்க விடுவேன். பிறகு தூரத்தில் மேலே ஏற்றி, குதிரை காதைப் பின்னால் மடக்காமல் புல் மேயத் தொடங்கும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டு வருவோம். அரை நாள் போகும். அந்த அரை நாளையும் உங்கள் பட்ஜெட்டில் போடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், வெற்றுத் தோட்டாகூட குதிரைப் பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம் டேக். "இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணே" என்று எத்தனை ஒண்ணு! குதிரை மூச்சை எண்ணிப் பழகுங்கள். ஓய்வில் நிமிஷத்துக்கு 8 முதல் 16 மூச்சு, நாடி 28 முதல் 44. தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டும். ஒரு பாய்ச்சல் முடிந்ததும் நிறுத்திவைக்காமல் நடக்க விடவேண்டும். நீண்டதூரக் குதிரைப் போட்டிகளில் நாடி 64க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓட விடுவதில்லை. நான் அதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். கால் மணி நேரம் நடந்தும் 64க்குக் கீழே வராவிட்டால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு வேலை முடிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியவேண்டும். ஈறை அமுக்கி எடுத்தால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும். படியாவிட்டால், திரும்பாவிட்டால் தண்ணீர் போதாது. இங்கே குளிர்கிறது, குதிரைக்குத் தாகம் எடுக்காது என்று நினைக்காதீர்கள். வியர்த்த உடம்போடு காற்றில் நிற்கவும் விடக்கூடாது, கம்பளி போர்த்தி நடத்த வேண்டும்.

நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் குதிரைக்காரனிடம் இருக்க வேண்டும், டிரக்டரிடம் அல்ல. இதை ஒப்பந்தத்தில் எழுதாத இடத்துக்கு நான் போவதில்லை. 2021இல் ஹைதராபாத் பக்கம் ஒரு தமிழ்ச் சரித்திரப் படத்தின் ஷூட்டிங்கில் குதிரை செத்து, பொலிஸ் வழக்கு வரை போனது. நம் நாட்டிலும் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இலிருந்து இருக்கிறது. அளவுக்கு மீறி ஓட்டுவது அதில் குற்றம்.

குதிரை விழுகிற காட்சி கேட்காதீர்கள். ஒரு காலத்தில் ஹொலிவூட்டில் முன்காலில் கம்பி கட்டி, ஓடும்போது இழுத்து விழுத்துவார்கள். கழுத்து முறிந்து செத்தவை ஏராளம். 1939இல் வந்த ஒரு படத்துக்காகக் குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீருக்குள் விழ வைத்தார்கள், அது செத்தது. அதற்கு வந்த எதிர்ப்பில்தான் 1940இலிருந்து அமெரிக்காவில் மிருகநலக்காரர்கள் ஷூட்டிங்கில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். இப்போது விழப் பழக்கிய குதிரைகளை, கொத்தி மிருதுவாக்கிய தரையில் மட்டும் விழவைக்கிறார்கள். அப்படிப் பழக்கிய குதிரை என்னிடம் இல்லை. குளம்பு ஒரு ஷொட், ஆள் மெத்தையில் விழுவது ஒரு ஷொட், ஆளில்லாத சேணத்தோடு குதிரை போவது ஒரு ஷொட். வெட்டி ஒட்டினால் சனம் நம்பும்.

சாப்பாடு விஷயத்தில் யூனிட் ஆட்களைக் கட்டுப்படுத்துங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான், வயிற்றுவலியே அதைக் கொன்றுவிடும். பணிஸ், பிஸ்கட் வேண்டாம். பங்களாத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட செடி வேண்டவே வேண்டாம். சிவப்பாகப் பூக்கும் மஹரத்மல் இலையும் உண்ணிச்செடியும் குதிரைக்கு நஞ்சு. மருந்தடித்த தேயிலை மலையின் கான் ஓரப் புல்லும் அப்படித்தான்.

லொறி என்னுடையது, டிரைவரும் நான் சொல்கிற ஆள். றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் குதிரை நான்கு காலிலும் பலம் கொடுத்துத்தான் நிற்கிறது. மெதுவாகத்தான் வருவோம், வந்து இறங்கியதும் குறைந்தது ஒரு மணி நேரம் கெமரா பக்கம் வராது. அந்தப் பகுதி மிருக வைத்தியருக்கு முதல் நாளே போன் போட்டு, எங்கே எத்தனை மணிக்கு என்று சொல்லிவையுங்கள்.

காசுக்கு வருவோம். ஓட்டம் உள்ள நாளுக்கு ஒரு கூலி, அடுத்த நாள் குதிரை ஓய்வெடுப்பதற்குப் பாதிக் கூலி. மழையால் ஷூட்டிங் நின்றாலும் லொறிக்காசு தரவேண்டும். சம்மதம் என்றால் இடத்தின் படங்களை அனுப்புங்கள், தேயிலை நிரைகளுக்கு இடையில் தரை தெரிகிற மாதிரி.