பிள்ளை கையில் போன்: வயதுக்கு மீறிய கேம்களைத் தடுப்பது எப்படி?

காலையில் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டால், மாலையில் அவர் திரும்பும்வரை பிள்ளையும் போனும் பாட்டியின் பொறுப்பில். நம் மலையகத் தோட்டப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. 2020-இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது, கடன்பட்டாவது ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். பாடசாலை திறந்த பிறகும் அந்தப் போன் வீட்டில்தான் இருக்கிறது. அதில் இப்போது பாடத்தைவிட கேம் அதிகம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று செய்யப்பட்ட கேம்களைப் பற்றி என்னிடமே பேசுகிறார்கள். பெற்றோரிடம் சொன்னால், “அதை எப்படி நிறுத்துறது?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. போனில் கால் எடுக்கவும் வட்ஸ்அப் பார்க்கவும் தெரிந்தால் போதும், இதைச் செய்துவிடலாம்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் வழிகாட்டல்கள், பிள்ளைக்குத் தனிப் போன் இருக்கிறது, கேம்கள் பிளே ஸ்டோரிலிருந்து வருகின்றன என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் வீடுகளில் ஒரே போனை எல்லோரும் பாவிக்கிறோம். கேமும் பெரும்பாலும் ஸ்டோரிலிருந்து வருவதில்லை. சிக்னலும் டேட்டாவும் சிக்கனமான தோட்டத்தில் ஒன்று, இரண்டு ஜிபி கேமை யார் டவுன்லோட் செய்துகொண்டிருப்பார்கள்? பக்கத்து லயத்து அண்ணா ஷேர் பண்ணித் தருவார். கொழும்பில் கடை வேலைக்குப் போன மாமா தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவார். டவுனில் மெமரி கார்டில் ஏற்றித் தரும் கடைகளும் உண்டு. அதனால் ஸ்டோரைப் பூட்டுவதற்கு முன்பு ஷேர் வழியைத்தான் அடைக்க வேண்டும் என்று சொல்வேன்.

படி 1: வயது எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

பிளே ஸ்டோரில் எந்த கேமைத் திறந்தாலும் பெயருக்குக் கீழே ஓர் எண் இருக்கும்: 3+, 7+, 12+, 16+, 18+. கேமைச் செய்தவர்கள் ஒரு கேள்விக்கொத்தை நிரப்புகிறார்கள். இரத்தம் காட்டப்படுகிறதா, பாலியல் காட்சி உண்டா, போதைப்பொருள், சூதாட்டம், கெட்ட வார்த்தை உண்டா என்றெல்லாம் அதில் கேட்கப்படும். அந்தப் பதில்களிலிருந்து எண் வருகிறது. ஐஏஆர்சி எனப்படும் இந்த முறையை கூகுள் 2015 முதல் பாவிக்கிறது. எண்ணைத் தொட்டால் காரணமும் தெரியும்.

கேம் சீடியின் உறையில் இருப்பது வேறு குறி. கேம்களுக்கு வயதுக் குறி தரும் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அமைப்பு 1994-இல் தொடங்கியது. ‘மோர்ட்டல் கொம்பட்’ போன்ற கேம்களின் இரத்தக் காட்சிகளைப் பற்றி அங்கே நாடாளுமன்றத்திலேயே விசாரணை நடந்த பிறகு வந்தது அது. அதில் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் 17 வயதுக்கு மேல். ஐரோப்பாவின் இதேபோன்ற பெகி முறை 2003-இல் வந்தது, அதில் 18 என்று சிவப்புக் கட்டத்தில் போட்டிருக்கும். பிரிட்டனில் 12, 16, 18 குறியுள்ள கேம் சீடியை அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விற்பது 2012 முதல் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் கொண்டுவந்த இதேபோன்ற சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கே கடைக்காரர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுதான் நடக்கிறது. நம் டவுன் கடைகளில் “தம்பிக்கு எத்தனை வயது?” என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

18 என்றால் என்ன என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். பிள்ளைகள் ‘ஜிடிஏ’ என்று சொல்லும் கேம் வரிசையைக் கார் ஓட்டும் கேம் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். 2013-இல் வந்த அதன் ஐந்தாவது கேமில் கொள்ளை, கொலை, போதைப்பொருள், பாலியல் காட்சிகளோடு, ஒரு மனிதரைச் சித்திரவதை செய்யும் காட்சியை விளையாடுபவரே நடத்தவேண்டிய இடமும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது தேவையா என்று முடிவெடுக்க, வேறு எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை.

அதற்காகப் பயந்துவிடவும் வேண்டாம். இப்படி விளையாடும் பிள்ளை நாளைக்குக் கத்தியெடுப்பான் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாகச் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும் அதே சங்கம் சொன்னது. என் கவலை, பிள்ளையின் வயதுக்குப் புரியாத ஒன்றை அது தனியாக, கேட்பதற்கு ஆளில்லாமல் பார்க்கிறதே என்பதுதான்.

படி 2: போனில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

செட்டிங்ஸ் திறந்து, ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். போனில் உள்ள எல்லாம் வரிசையாக வரும். தெரியாத பெயரைத் தொட்டு, அந்தப் பக்கத்தின் அடிப்பகுதிவரை இறக்குங்கள். பிளே ஸ்டோரிலிருந்து வந்ததென்றால் அங்கே அப்படியே எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் பெரும்பாலும் ஷேர் வழியாக வந்தது. அதன் பெயரை பிளே ஸ்டோரில் தேடி வயது எண்ணைப் பாருங்கள்.

எமுலேட்டர் என்ற வகையையும் கவனியுங்கள். பழைய பிளேஸ்டேஷன், பிஎஸ்பி கேம்களை போனில் ஓடவைக்கும் ஆப் இது. ஸ்டோரில் அதற்குத் தரப்பட்ட எண், அதற்குள் திறக்கப்படும் கேமுக்குப் பொருந்தாது. எமுலேட்டர் இருந்தால், உள்ளே என்னென்ன கேம் இருக்கிறது என்று பிள்ளையையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பிள்ளை தூங்கும்போது இரகசியமாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்யுங்கள். எதை ஏன் எடுக்கிறீர்கள் என்று சொல்லி எடுத்தால், அடுத்த முறை பக்கத்து வீட்டில் போய் ஒளிந்து விளையாடுவது குறையும்.

படி 3: ஷேர் வழியை அடைத்துவிடுங்கள்

ஷேர்இட், ஸென்டர் போன்ற ஷேர் ஆப்களில் வருவது ஏபிகே, அதாவது ஆப்பைப் போனில் ஏற்றும் கோப்பு. அதைத் தொட்டால் போன் ஒரு முறை அனுமதி கேட்கும். யாரோ ஒருவர் “சரி” என்று அழுத்தியிருப்பார், அன்றிலிருந்து அது திறந்தே கிடக்கிறது.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் அக்செஸ், அதற்குள் ‘இன்ஸ்டோல் அன்நோன் ஆப்ஸ்’. உங்கள் போனில் இது வேறிடத்தில் இருந்தால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘அன்நோன்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடியுங்கள், வந்துவிடும். திறந்தால் குரோம், வட்ஸ்அப், டெலிகிராம், ஃபைல்ஸ், ஷேர் ஆப்கள் என்று வரிசை தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டு அனுமதியை நிறுத்துங்கள். புதிய சாம்சங் போன்களில் ‘ஒட்டோ புளொக்கர்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து வரும் ஆப் எதுவும் ஏறாது.

இந்த அனுமதியை மாற்ற எந்த இரகசிய நம்பரும் கேட்காது என்பதை மறக்க வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளை மறுபடி திறந்துவிடும். போனிலேயே ‘ஆப் லொக்’ வசதி இருந்தால் ஷேர் ஆப்பையும் ஃபைல்ஸையும் பூட்டுங்கள். ஷேர் ஆப் உங்களுக்குத் தேவையே இல்லை என்றால் அழித்துவிடுவது இன்னும் நல்லது.

படி 4: பிளே ஸ்டோருக்கு எல்லை போடுங்கள்

பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், பிறகு ஃபெமிலி, பிறகு ‘பேரன்டல் கொன்ட்ரோல்ஸ்’. அதைப் போட்டதும் நான்கு இலக்க பின் நம்பர் கேட்கும். பிறந்த வருடம், போன் திறக்கும் நம்பர் இரண்டும் வேண்டாம், அவை பிள்ளைக்குத் தெரியும். பிறகு ‘ஆப்ஸ் அன்ட் கேம்ஸ்’ தொட்டு வயதைத் தேர்ந்தெடுங்கள். பத்து வயதுப் பிள்ளை பாவிக்கும் போனுக்கு 7+ சரி.

எல்லை போடுவதற்கு முன்பே ஏறியிருக்கும் கேமை இது எடுக்காது. அதனால்தான் படி 2-ஐ முதலில் வைத்தேன். இந்த எல்லை அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். அப்பாவின் போனையும் பிள்ளை எடுக்கும் என்றால், அதிலும் போட வேண்டும்.

படி 5: ஒரே போன் வீடுகளுக்கு ‘பின்னிங்’

என்னைக் கேட்டால் நம் வீடுகளுக்கு மிகவும் பொருத்தமான வசதி இதுதான். பலருக்கு இது இருப்பதே தெரியாது. வட்ஸ்அப்பில் டீச்சர் அனுப்பிய பாடத்தைப் பார்க்கப் போனைக் கொடுக்கிறீர்கள். அந்த ஒன்றைத் தவிர வேறெங்கும் போகாமல் நிறுத்திவைக்கலாம்.

செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘பின்னிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்கிரீன் பின்னிங்’ வரும். அதைப் போட்டு, வெளியே வரும்போது பின் நம்பர் கேட்க வேண்டும் என்பதையும் போடுங்கள். இனி பாடமுள்ள ஆப்பைத் திறந்து, கடைசியாகத் திறந்தவற்றைக் காட்டும் பட்டனை அழுத்தி, அந்த ஆப்பின் சின்னத்தைத் தொட்டால் ‘பின்’ என்று வரும். அதை அழுத்திவிட்டுக் கையில் கொடுங்கள். போன் திறக்கும் நம்பர் இல்லாமல் அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது. அந்த நம்பர் பிள்ளைக்குத் தெரியும் என்றால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

பாட்டிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பகலில் போன் அவர் பொறுப்பில்தானே இருக்கிறது? இரண்டு, மூன்று முறை கையைப் பிடித்துக் காட்டினால் செய்துவிடுவார்.

படி 6: பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால்

‘ஃபெமிலி லிங்க்’ என்ற கூகுளின் இலவச ஆப் உங்கள் போனில் வேண்டும். பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துப் பிள்ளைக்கென்று ஒரு கூகுள் கணக்கைத் திறந்தால், பிள்ளை எந்த கேமைக் கேட்டாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். வெளியிலிருந்து ஆப் ஏற்றும் அனுமதியையும் அங்கிருந்தே மூடலாம், படி 3-இல் சொன்ன ஓட்டை அதோடு அடைபடும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் அம்மா அங்கிருந்தே பார்க்கலாம்.

இதற்கு முன் உங்கள் ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் வாங்கிய அன்றைக்குக் கொமினிகேஷன் கடைத் தம்பி கணக்குத் திறந்து கொடுத்தார், பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும் என்று பலர் சொல்கிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இருந்தாலும் இன்றைக்கே புதிய பாஸ்வேர்ட் போட்டு, ஒரு கொப்பியில் எழுதி, வீட்டு ஆவணங்களோடு வைத்துவிடுங்கள்.

படி 7: பேச்சும் பணமும்

வயது எண் கேமுக்குள் இருக்கும் காட்சிக்கு மட்டுந்தான். விளையாடும்போது மைக்கில் பேசும் அந்நியரை அது அளப்பதில்லை. சேர்ந்து சுடும் கேம்களில் 12+ என்று போட்டிருந்தாலும், பெரியவர்கள் பேசும் பேச்சு பிள்ளையின் காதில் விழுகிறது. கேமின் செட்டிங்ஸுக்குள் ‘வொய்ஸ் சட்’ என்ற பேசும் வசதியை நிறுத்துங்கள். யாராவது படம் கேட்டால், வட்ஸ்அப் நம்பர் கேட்டால், சந்திக்கலாம் என்றால் உடனே உங்களிடம் சொல்லலாம், ஏச மாட்டீர்கள் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அப்படி ஏதும் நடந்திருந்தால் மெசேஜை அழிக்காமல் 1929-க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.

கேமுக்குள் பணம் கொடுத்து வாங்குவதைத் தடுக்க, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி போட்டுவைத்தால் போதும்.

வீட்டில் பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 இருந்தால் ‘ஃபெமிலி மேனேஜ்மென்ட்’ என்ற இடத்தில் பிள்ளையின் கணக்குக்கு வயது எல்லை போடலாம். கணினியில் பென் டிரைவில் வந்த திருட்டுக் கொப்பி கேமுக்கு எந்த எண்ணும் தடையும் இல்லை. கணினியை எல்லோரும் நடமாடும் இடத்தில் வையுங்கள்.

படி 8: வாரத்துக்கொரு முறை பாருங்கள்

பிளே ஸ்டோர் ஆப்பின் சேமிப்பை அழித்தால் படி 4-இல் போட்ட பின் நம்பரும் சேர்ந்து போய்விடுகிறது. இந்த வித்தை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ‘பேரன்டல் கொன்ட்ரோல்ஸ்’ போட்டபடி இருக்கிறதா, ‘அன்நோன் ஆப்ஸ்’ பட்டியலில் ஏதாவது திறந்திருக்கிறதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். திறந்திருந்தால் முதலில் காரணம் கேளுங்கள். சிநேகிதர்கள் எல்லோரும் விளையாடும் ஒரு கேமுக்காக இருக்கலாம். அது 12+ ஆகவும் பிள்ளைக்குப் பதினொன்றரை வயதாகவும் இருந்தால், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை அதை விளையாட விட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் அனுமதிக்கலாம். பிள்ளைக்கு வயது ஏறும்போது பிளே ஸ்டோரில் போட்ட எல்லையையும் நீங்களே ஏற்றிவிடுங்கள், பிள்ளை கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.