பின்னங்காலைத் தர மறுத்த குட்டி

அந்தியூர் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெண் குதிரைக்குட்டி, இரண்டு வயது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துழைப்பாள். பின்னங்காலைத் தொட்டால் மட்டும் உதை விழும். குளம்பு சீவ வந்தவர் மேலுதட்டில் கயிறு முறுக்கிப் பிடிக்கலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை.

குதிரை ஓடித் தப்பிக்கிற விலங்கு. கால் பிடிபட்டால் அதற்கு உயிர்ப்பயம். அதனால் கைக்குப் பதில் நீளமான, மெத்தென்ற பருத்திக் கயிறு. உதை எட்டாத இடத்தில், தோள் பக்கமாக நின்று, கயிற்றைக் காலைச் சுற்றிப் போட்டு லேசாக இழுப்பேன். முடிச்சு கூடாது. அவள் உதைத்தாலும் அதே இழுப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கால் கொஞ்சம் தளர்ந்ததும் சட்டென்று விட்டுவிடுவேன். விடுகிற அந்த நொடிதான் பாடம். தாமதித்தால் எதற்கு விட்டோம் என்றே குட்டிக்குப் புரியாது.

முதலில் காது பின்னால் படிந்து, வால் சுழன்றது. அப்புறம் பதற்றம் தணிந்து தலை இறங்கியது, உதட்டை நக்கி வெறும் வாயை மென்றாள். அன்றைக்கு அதோடு சரி.

கயிறு பழகிய பிறகுதான் கை, இடுப்பிலிருந்து தடவிக்கொண்டே கீழே. இப்போது தொட்டாலே காலைத் தருகிறாள். குளம்பில் சிக்கிய கல்லை நானே எடுத்துவிடுகிறேன்.