பேக்கெட் எங்கே நின்றது? நெட்வொர்க் படிக்க வரும் தம்பிகளுக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுப் பராமரிப்பது என் தொழில். கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் பலர் முதலில் கேட்பது, "அண்ணா, ஹேக்கிங் சொல்லித் தருவீங்களா?" என்றுதான். நான் ஒரு துண்டு கேட் 6 நெட்வொர்க் கேபிளையும், அதன் முனையில் பிளக்கைப் பதிக்கும் கிரிம்பிங் டூலையும் கையில் கொடுப்பேன். ஒழுங்காகப் போகும் பாதை தெரிந்தால்தானே தப்பாகப் போவது கண்ணில் படும்?

கேபிளில் கலர் வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி ஏன் நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 3, 6 என்ற இரண்டு முனைகளும் ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடியில் வர வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால், சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், லைனில் போட்டால் வேகம் படுத்துவிடும். அப்புறம், ஒரு லைன் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

அடுத்தது ஐபி முகவரி. கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்து நாலு வரியைப் பாருங்கள்: ஐபி (சிஸ்டத்தின் முகவரி), சப்நெட் மாஸ்க் (முகவரியில் எது தெரு, எது கதவு இலக்கம் என்று பிரிப்பது), கேட்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரவுட்டர்), டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை எண்ணாக மாற்றித் தருவது). 192.168.1.25 என்று இருந்து மாஸ்க் 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் கதவு இலக்கம். அதே தெரு என்றால் சிஸ்டம் நேராகவே போய்விடும். வேறு தெரு என்றால் கேட்வேயிடம் கொடுத்துவிடும். நெட் வராதபோது முதலில் கேட்வேக்கு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதில் பார்க்கும் கட்டளை), அடுத்து கூகுளின் 8.8.8.8, கடைசியில் ஒரு வெப்சைட் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையா, டிஎன்எஸ்ஸில் கோளாறு. 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிடம் இருந்து பதிலே வரவில்லை. நெட்வொர்க் பாடப் புத்தகத்தில் வரும் ஏழு லேயரை (ஓஎஸ்ஐ) மனப்பாடம் செய்வதெல்லாம் இதற்கு அப்புறம் போதும்.

அவிநாசி பக்கம் ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். சரக்கு கிளம்பும் நாள். பேக்கிங் செக்‌ஷனில் இருந்து போன்: "ஏனுங்ணா, நாலு சிஸ்டம் ஓடுதுங்க, நாலு ஓட மாட்டேங்குதுங்க. ஸ்டிக்கர் பிரிண்ட் எடுக்க முடியலீங்க." போய்ப் பார்த்தால், ஓடுகிறவற்றில் 192.168.1 முகவரி, ஓடாதவற்றில் 192.168.0. அந்த எண்ணை நாங்கள் எங்குமே போடவில்லை. ஓடாத சிஸ்டத்தில் 192.168.0.1க்கு பிங் அடித்தேன், பதில் வந்தது. 'ஏஆர்பி -ஏ' கொடுத்து அதன் மேக் முகவரியை (சாதனத்துக்கே உள்ள அடையாள எண்) எடுத்து, எல்லா கேபிளும் வந்து சேரும் சுவிட்சில், எந்த மேக் எந்த போர்ட்டில் என்று காட்டும் டேபிளில் தேடினேன். 14வது போர்ட். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் கட்டிங் டேபிளுக்கு அடியில் ஒரு வீட்டு ரவுட்டர். போனுக்கு வைஃபை வேண்டுமென்று ஒருவர் கொண்டுவந்து, கேபிளை இன்டர்நெட் வரும் வேன் (WAN) போர்ட்டுக்குப் பதில் உள் சிஸ்டங்களுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருகிவிட்டார். அதனால் அந்த ரவுட்டரும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. சிஸ்டம் "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கூப்பிட்டதும், யார் முந்தினார்களோ அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டது.

அவர் தெரியாமல் செய்தார். இதையே தெரிந்து செய்கிறவன் தன்னையே கேட்வே என்று சொல்லி, மொத்த டிராஃபிக்கையும் தன் வழியாகத் திருப்பிவிடுவான். சுவிட்சில், கண்டவர்கள் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டு, எங்கள் சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பச் சொன்னோம். சும்மா கிடந்த போர்ட்டுகளை அணைத்தோம்.

நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து ஓட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசரை இலவசமாகவே இறக்கலாம். அதில் இதே கோளாறை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். லைனில் போகும் பேக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில், முகவரி வாங்கும்போது டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று நாலு பேக்கெட்டும் வரிசையாகப் போவதைக் கண்ணால் பார்த்தால் பிறகு மறக்கவே மறக்காது.

அப்புறம் போர்ட் எண்கள். இது கேபிள் செருகும் போர்ட் இல்லை, ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண். 443 பாதுகாப்பான வெப்சைட், 53 டிஎன்எஸ், 3389 ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்குவது). வீட்டிலிருந்து கணக்கு பார்க்க வசதி என்று 3389ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அதற்குப் பதில் விபிஎன் (இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னக்ரை உலகம் முழுக்கப் பரவியது, விண்டோஸ் ஃபைல் பகிரும் போர்ட்டான 445 வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். திறந்திருக்கும் போர்ட்டைப் பார்க்க என்மேப் இருக்கிறது. உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் சிஸ்டத்துக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றம்.

சரி, இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை. வீட்டு ரவுட்டரில் நுழைந்து, அட்மின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே என்றால் மாற்றுங்கள். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் யாருடையது என்று குறியுங்கள். இப்போதைய போன்கள் மேக் முகவரியை மாற்றிக் காட்டும், அதனால் ஒவ்வொரு போனாக வைஃபையை அணைத்து எந்த வரி மறைகிறது என்று பாருங்கள். ஆள் தெரியாத வரி ஒன்று மிஞ்சினால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள்.