தடை தாண்டும் ஜாக்கி எங்கே தவறுகிறார்?

குதிரைகள் வேலிகளைத் தாண்டி ஓடும் இங்கிலாந்து, அயர்லாந்துத் தடைப் பந்தயங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, ஜாக்கி எனப்படும் பந்தயக் குதிரையோட்டி என்றால் சாட்டையும் வேகமும்தான். புதிதாகச் சேணம் ஏறும் இளைஞர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தாண்டுவது குதிரை, அதன் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான் ஜாக்கிக்குக் கடினமான பாடம்.

பெரிய வேலி குறைந்தது நாலரை அடி உயரம் இருக்கும். அதை நோக்கிப் பாய்ந்து வரும்போது எந்தப் பாய்ச்சலில் குதிரை எழும்பும் என்று ஜாக்கி முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கணக்கு சற்றுத் தவறினால்கூடக் குதிரை சமாளித்துக்கொள்ளும். ஆனால் வேலிக்கு இரண்டு பாய்ச்சல் இருக்கும்போது மனம் மாறி, ‘போ’ என்று உதைத்துவிட்டு உடனே கடிவாளத்தை இழுத்தால் அது குழம்பிப்போகும். விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஏழு முறை சாம்பியன் ஜாக்கியான ஜான் ஃப்ரான்கம், இளமையில் ஷோ ஜம்பிங் என்னும் தடை தாண்டும் குதிரையேற்றப் போட்டியில் பழகியவர். வேலிக்கான தூரத்தை அளக்கும் கண் அவருக்கு அங்கேதான் வாய்த்தது என்பார்கள்.

தரையிறங்கும்போது வேறொரு தவறு. குதிரை தடுமாறியதும் பயத்தில் கடிவாள வாரை இறுக்கிப் பிடிப்பார்கள். குதிரை நிலைகுலையாமல் மீள்வதே கழுத்தை நீட்டித்தான்; அந்த நேரத்தில் தலையை இழுத்துப் பிடிப்பது, வழுக்கி விழப்போகிறவரின் கையைக் கட்டுவது போல. வாரை விரல்களுக்கிடையே நழுவவிட்டு, உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, குதிரை நிமிர்ந்த பிறகு மறுபடி சேர்த்துப் பிடிக்க வேண்டும். சொல்ல எளிது. விழும் பயத்தில் கை தானாக இறுகும், அதைப் பழக்கித் தளர்த்தப் பல வருடங்கள் ஆகும்.

தொடக்க அவசரமும் ஆபத்து. இங்கிலாந்தின் புகழ்பெற்ற தடைப் பந்தயமான கிராண்ட் நேஷனலில் 30 தாண்டல்கள், ஏறக்குறைய 7 கிலோமீட்டர். முதல் வேலிக்கே எல்லோரும் முட்டி மோதி ஓடுவதைக் குறைக்கத்தான் 2024இல் அந்த வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு அருகே நகர்த்தினார்கள். மோசமாகத் தாண்டும் குதிரையின் பின்னால் ஒட்டிப் போவதும் இதே ரகம்: முன்னது விழுந்தால் பின்னதும் சேர்ந்து விழும்.

சாட்டைக்குப் பிரிட்டனில் கணக்கு உண்டு. தடைப் பந்தயத்தில் ஏழு அடிதான். அதற்கு மேல் நான்கு கூடினால் வென்ற குதிரையின் வெற்றியே பறிபோகும்.

ஜாக்கி எடை கூடாமல் இருக்க வேண்டும்; அந்த விஷயத்தில் ஒரு பெரிய ஜாக்கியைப் பார்த்துக் கெட்டுப்போகிறவர்கள் உண்டு. டோனி மெக்காய் 20 பருவங்கள் தொடர்ந்து சாம்பியன், 4,300க்கும் மேற்பட்ட வெற்றிகள். நல்ல உயரம் வேறு. சுடச்சுட வெந்நீரில் கிடந்து எடையை இறக்குவார். அவர் தாங்கினார் என்பதற்காக எல்லோரும் தாங்குவார்களா? உடலில் நீர் வற்றினால் முதலில் மங்குவது, வேலிக்கான தூரத்தை அளக்கும் அந்தக் கண்தான்.

கடைசியாக, முடிவுக் கோடு. சிரிக்காதீர்கள். 2005 டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில், சென்ட்ரல் ஹவுஸ் என்ற குதிரையில் முன்னணியில் வந்த இளம் ஜாக்கி, வேறொன்றை வெற்றிக் கம்பம் என்று நினைத்து, அங்கவடியில் எழுந்து நின்று கையை உயர்த்தினார். உண்மையான கம்பம் இன்னும் முன்னால் இருந்தது. இரண்டு குதிரைகள் அவரைக் கடந்து போயின.