ஸ்ப்ரே கேன் வச்சு கார் பானெட் உள்ள வீட்லயே பெயின்ட் அடிக்கிறது எப்படி? (முதல் தடவை பண்றவங்களுக்கு)

எங்க வண்டி 2003 மாருதி 800, வெள்ளை கலர், அப்பா வாங்கினது. வெளிய பாலிஷ் போட்டா இன்னும் பளபளன்னு நிக்கும், ஆனா பானெட்ட தொறந்தா மனசு கஷ்டமாயிடும். பேட்டரி ட்ரேல துரு செதில் செதிலா உரிஞ்சு, பக்கத்து சுவர்லாம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கருப்பா அப்பிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு தடவை நானே அடிச்சிட்டேன், அதுல கத்துக்கிட்டத சொல்றேன். பெயின்ட் அடிக்கிறது அரை நாள் வேலைதாங்க, அதுக்கு முன்னாடி கழுவுறது சுரண்டுறது மூடுறதுக்கு முழுசா ரெண்டு நாள் போகும். அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

மொதல்ல எப்ப அடிக்கணும்னு பாத்துக்கோங்க. நம்ம சென்னைக்கு மாசி, பங்குனி நல்லா இருக்கும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா பெயின்ட் காயும்போது மேல பால் தெளிச்ச மாதிரி ஒரு வெண்மை படர்ந்திடும், அதனால ஐப்பசி, கார்த்திகை மழைல வேண்டவே வேண்டாம். ஆடில அம்மியே பறக்கும்னு சொல்வாங்க, ஸ்ப்ரே எம்மாத்திரம், பக்கத்து ஃப்ளாட்காரர் வண்டில போய் ஒக்காந்துடும். காலைல பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு கடல் காத்து வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. வண்டிய வெயில்லயும் நிறுத்தாதீங்க, தகரம் சுட்டுச்சுன்னா பெயின்ட் ஒழுங்கா படியாம சொரசொரப்பாயிடும்.

வாங்க வேண்டியது: கலர் கேன் ரெண்டு (ஒண்ணு 400 மில்லி கிட்ட இருக்கும்), கிரே ப்ரைமர் ஒண்ணு, க்ளியர் (கலருக்கு மேல கடைசியா அடிக்கிற நிறமில்லாத பூச்சு) ஒண்ணு, 240, 400, 600 நம்பர் உப்புத்தாள், கம்பி ப்ரஷ், மாஸ்கிங் டேப், அலுமினியம் ஃபாயில். கடைல சும்மா வெள்ளைனு கேக்காதீங்க, கலர் கோட் நம்பர் சொல்லி கேளுங்க, மாருதி சுப்பீரியர் ஒயிட்னா 26யூ. ப்ரைமர், கலர், க்ளியர் மூணும் ஒரே கம்பெனில வாங்குங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வீட்ல கேட்டுக்கு அடிச்சு மிச்சமிருந்த ரெட் ஆக்ஸைட ப்ரஷ்ல பூசிட்டு அது மேல ஸ்ப்ரே அடிச்சான், அடிச்ச ரெண்டே நிமிஷத்துல ஆறுன பால் மேல ஆடை சுருங்குமே அந்த மாதிரி மொத்தமா சுருங்கி எழும்பிடுச்சு, எல்லாத்தையும் சுரண்டி மறுபடி ஆரம்பிச்சான்.

இன்ஜின் நல்லா ஆறட்டும். பேட்டரில நெகட்டிவ் வயர மொதல்ல கழட்டுங்க, அப்புறம் பாசிட்டிவ், அப்புறம் பேட்டரியவே வெளிய எடுத்துருங்க. ட்ரேல வெள்ளையா பொடி பூத்திருக்கும், அது ஆசிட் வேலை. கிளவுஸ் போட்டுக்கிட்டு ஒரு லிட்டர் தண்ணில நாலு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊத்துங்க, புஸ்ஸுனு நுரைச்சு வரும். நுரை வர்றது நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஊத்துங்க. மொத தடவை நான் இத பண்ணாம மேலாப்ல துடைச்சிட்டு அடிச்சேன், மூணே மாசத்துல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா வந்து, குத்துனா உள்ள ஈரத் துரு.

அடுத்து எண்ணெய் பிசுக்கு. மண்ணெண்ணெய் இல்ல டீசல்ல ப்ரஷ் போட்டு தேய்ங்க, பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டீசலும் ஒரு படலம் விட்டுட்டுதான் போகும், அதனால பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு ரெண்டு தடவை கழுவி, நல்லா காய விட்டு, கடைசியா தின்னர் நனைச்ச துணியால ஒரு துடை. பிரேக் ஆயில் டப்பா கீழ ஈரமா இருந்தா மொதல்ல அந்த லீக்க சரி பண்ணுங்க, பிரேக் ஆயில் பட்ட எடத்துல எந்த பெயின்ட்டும் நிக்காது.

துருவ கம்பி ப்ரஷ்ல எடுத்துட்டு, 240 போட்டு தேச்சு, அப்புறம் 400. ஓட்டை விழுந்திருந்தா பெயின்ட்டால மூடாதீங்க, வெல்டிங் வச்சிட்டு வாங்க.

மூடுற வேலைல அவசரம் கூடாது. வயர், ஹோஸ் எல்லாத்துக்கும் ஃபாயில் சுத்துங்க, எந்த வளைவுக்கும் அப்படியே ஒட்டிக்கும். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், காத்து போற வாய் இதுக்கெல்லாம் கவர் போட்டு டேப் அடிங்க. பேப்பர்னா ரெண்டு மடிப்பு வேணும், ஒத்தையா போட்டா ஊறிடும். பம்பர், ஃபெண்டர், தரை மேல பழைய புடவை போதும். ரெண்டு எடத்த மட்டும் மறந்துடாதீங்க: சேசிஸ் நம்பர், அத எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்றுக்கு) பென்சில்ல தேச்சு எடுப்பாங்க, அங்க உப்புத்தாளும் படக்கூடாது பெயின்ட்டும் படக்கூடாது. இன்னொன்னு பாடில எர்த் வயர் உக்கார்ற எடம். அதுல நான் பெயின்ட் அடிச்சிட்டு மாட்டினேன், சாவி போட்டா டக் டக்னு சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவே இல்ல, காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆச்சு. சைலன்ஸர் மேனிஃபோல்டுல (இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற சூடான இரும்புக் குழாய்) சாதா பெயின்ட் அடிக்காதீங்க, கருகிடும்.

இப்ப அடிக்கலாம். துணி மாஸ்க் போதாது, கார்பன் ஃபில்டர் வச்ச மாஸ்க் போடுங்க, கிட்ட பீடி, ஊதுவத்தி எதுவும் எரியக்கூடாது. கேன குலுக்குங்க, உள்ள கலக்குறதுக்குனு இருக்கற சின்ன குண்டு சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் இன்னும் ரெண்டு நிமிஷம் குலுக்கி, அட்டைல அடிச்சு பாத்துட்டு, முக்கால் அடி தள்ளி நின்னு, கைய ஓட விட்டுக்கிட்டே அடிங்க. மொத கோட்ல அடியில இருக்கறது தெரியத்தான் செய்யும், தெரியட்டும், அத மூடணும்னு ஒரே எடத்துல நின்னு அடிச்சா வழிஞ்சிடும். பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு அடுத்த கோட். ப்ரைமர் ரெண்டு கோட், அது காஞ்சதும் 600 போட்டு லேசா தடவி துடைச்சிட்டு கலர் மூணு கோட், க்ளியர் ரெண்டு. கோட்டுக்கு எவ்வளவு நேரம் விடணும்னு கேன்லயே போட்டிருப்பான், வேற மாதிரி இருந்தா அதயே கேளுங்க. மிச்ச கேன வண்டிக்குள்ள வச்சிடாதீங்க, 50 டிகிரிக்கு மேல சூடாச்சுன்னா வெடிக்கும், மே மாச வெயில்ல மூடின வண்டி அத சுலபமா தாண்டும்.

கடைசி கோட் அடிச்சு அரை மணில, பெயின்ட் முழுசா கெட்டியாகறதுக்கு முன்னாடி, டேப்ப மெதுவா மடக்கி இழுங்க. ஒரு நாள் முழுக்க பானெட்ட தொறந்தே விடுங்க. அடுத்த நாள் ஃபாயில் ஒண்ணு விடாம எடுத்துட்டு, எர்த் பாயின்ட்ட உப்புத்தாளால தேச்சு வெள்ளித் தகரம் தெரியுதான்னு பாத்து வயர முடுக்கி, மேல வாசலின் தடவுங்க. பேட்டரிக்கு பாசிட்டிவ் மொதல்ல, நெகட்டிவ் கடைசி. ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க, கொஞ்சம் வாசனை வரும், லேசா புகை கூட வரலாம், ஆனா புகை நிக்காம வந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு எங்கயாவது ஃபாயிலோ பேப்பரோ மாட்டிக்கிட்டு இருக்கான்னு தேடுங்க. ஒரு வாரத்துக்கு பானெட் உள்ள தண்ணி அடிச்சு கழுவாதீங்க.